வசந்தரூபி விழுங்கிவைத்த மொழி

பாரிசின் லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மீன் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் ஒடுங்கலான கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே இரண்டு தொழில்கள் நடக்கின்றன. வாசலோரம், மன்னாரிலிருந்து வந்த மரியமலர் நூலால் புருவம் எடுக்கிறார். உள்ளே, பாதி தைத்த பிளவுஸ்கள் தொங்கும் கம்பிக்குக் கீழே வசந்தரூபி தைக்கிறார். வயது நாற்பத்தேழு. உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அளவு கொடுத்துவிட்டுப் போய் கலியாணத்துக்கு முன் உடம்பு வைத்துக்கொண்டு வந்து, பிழையாகத் தைத்துவிட்டாய் என்று சண்டை பிடிப்பவர்களிடமும் அவர் வாதாடுவதில்லை. ஊசியை உதட்டில் கவ்வியபடி தலையாட்டுவார். இப்படி நடக்கும் என்று தெரிந்து உள்ளே மடித்துவைத்த துணியை இளக்கிக் கொடுத்துவிடுவார். லாச்சப்பல் அவரை அமைதியான பெண் என்றே அறிந்திருந்தது.

அந்த அமைதி அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அதைத் தொடக்கி வைத்ததும் அமைதி என்ற பெயரோடு வந்த ஒரு படைதான்.

1987இல் வசந்தரூபிக்குப் பத்து வயது. அந்த ஆடி மாதம் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அமைதி காக்க வந்தவர்கள் என்றார்கள். வடமராட்சியில் அவருடைய ஊர்ச் சந்தியில் சனம் மாலை போட்டது, சோடா உடைத்துக் கொடுத்தது. ஐப்பசியில் அதே படை போரில் இறங்கியது. செல் விழுந்தது, வீடுகள் சரிந்தன, மாலை போட்ட கைகளே பிணம் தூக்கின. இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்புகிறவர்கள் அழகான பெயர் ஒன்றையும் கூடவே அனுப்புகிறார்கள். அமைதி, ஜனநாயகம், பெண் விடுதலை என்று காலத்துக்கு ஒரு பெயர். பெயர் வைத்தவர்கள் தலைநகரங்களில் இருப்பார்கள். அந்தப் பெயருக்குக் கீழே வாழவேண்டியவர்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பார்கள்.

வசந்தரூபியின் அப்பா நாகமுத்து அப்படி ஒரு கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட படை, அவருடைய கடைக்கு நேரெதிரே மண்மூட்டை அடுக்கிக் காவலுக்குச் சென்றி போட்டது. சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாள், அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த சிறுமியின் முன்னால் துவக்கு நீண்டது. அவள் அசையாமல் நின்றாள், கையில் இருந்த மூடிப் பேணி மட்டும் நடுங்கியது. சென்றியில் நின்றவன் வட இந்தியாவின் மலைநாட்டிலிருந்து வந்த இளைஞன். துவக்கைத் தாழ்த்தி, "டரோ மத். பைட்டோ" என்றான். பயப்படாதே, இரு. வசந்தரூபி கற்ற முதல் இந்தி அதுதான்.

அதன் பிறகு கேட்டுக் கேட்டே பழகிவிட்டாள். சிப்பாய்களின் கரப்பந்து காற்றுப் போனால் நாகமுத்துவிடம்தான் வரும். டியூப் ஒட்டுகிற சொலுசனை வைத்து அவர் ஒட்டிக் கொடுப்பார். மறுக்கிற சுதந்திரம் துவக்கு இல்லாதவனுக்கு இல்லை. பந்து காயும்வரை சிப்பாய் வாங்கில் இருப்பான், பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளை பக்கத்தில் இருப்பாள். சக்கரம், தண்ணீர், மலை, பனி, அம்மா, விடுமுறை என்று ஒவ்வொன்றுக்கும் அவள் சொல் கேட்டாள். ஒரு வருடத்துக்குள் அவன் மொழியிலேயே அவனோடு வாய்ச்சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஊர் இதைக் கண்டது. தேவைப்பட்டபோது பயன்படுத்தியும் கொண்டது. ஒருநாள் விடியச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் சேட்டைக் கழற்றி வெயிலில் இருத்தினார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தலை அசைந்தால் அந்த ஆள் தனியே இழுக்கப்படுவான். அப்படிச் சிலர் ஒதுக்கப்பட்டார்கள். வேலிக்கு வெளியே நின்ற தாய்மார் நாகமுத்துவின் வீட்டுக்கு ஓடினார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவளுக்குத்தான் அவங்கடை பாஷை தெரியும் என்று மன்றாடினார்கள். அவர்களில் சிலர் அதற்கு முன் அந்த வீட்டு வாசலை மிதித்தவர்களே அல்ல. சாதி பார்க்கிற கண் ஆபத்து வரும்போது சற்று நேரம் மூடிக்கொள்ளும், பிறகு பழையபடி திறந்துகொள்ளும். அது வேறு கதை.

சிறுமி அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவனைக் காட்டி, இவன் என் அண்ணன், கடையில் வேலை செய்கிறான் என்றாள். இன்னொருவனைக் காட்டினாள். அவனும் அண்ணன். அடுத்தவனும் அண்ணன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு எத்தனை அண்ணன்மார் என்று கேட்டான்.

"பஹுத்" என்றாள். நிறைய.

அவ்வளவு பேரும் அன்று வீட்டுக்கு வந்தார்கள்.

1990 பங்குனியில் அந்தப் படை கப்பலேறியது. படை போனதும் ஊர் கணக்குத் தீர்க்கத் தொடங்கியது. யார் யார் ஆமிக்காரனோடு கதைத்தது என்ற கேள்வி வந்தபோது, வேலியோரம் நின்று மன்றாடிய வாய்களில் சிலவே நாகமுத்துவின் பெயரைச் சொன்னன. துவக்கு வைத்திருந்த நம்முடைய இயக்கப் பெடியள் வந்து அவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். மகளுக்கு மொழி படிப்பித்தது எதற்கு, பந்து ஒட்டுகிற சாட்டில் என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டார்களாம். திரும்பி வந்தபோது இடது கை விரல்கள் மடங்கவில்லை. கடையைத் திறந்து பார்த்தார். ஒருவரும் சைக்கிள் கொண்டுவரவில்லை. துரோகியின் கையால் காற்றடிக்க ஊர் விரும்பவில்லை. மகளை இருத்திவைத்து, இனி அந்தப் பாஷை உன் நாக்கில் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். நாலு வருடம் கழித்துக் காய்ச்சலில் இறந்தார். செத்தவீட்டுக்கு அயல் வரவில்லை. அந்த வீட்டில் ஏதோ தோஷம் என்று ஒரு சாத்திரி சொன்னானாம். மனிதர் செய்ததை மறைக்கக் கிரகங்கள் எவ்வளவு வசதியாக இருக்கின்றன.

வசந்தரூபி மொழியை விழுங்கினார். தவசீலனைக் கலியாணம் செய்து பிரான்சுக்கு வந்தார். உணவகத்தில் சமைக்கும் கணவருக்குக்கூட அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் விழுங்கிய மொழி செரித்துப் போகவில்லை. பாரிசின் ஓரத்து ஒபர்வில்லியேயில், பிளவுஸுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் உள்துணி வாங்கும் மொத்தக் கடைக்கு அவர் பல வருடங்களாகப் போய்வருகிறார். கடைக்காரர் லாகூர்க்காரர். இவரோடு விரலாலும் உடைந்த பிரெஞ்சாலும் பேசிவிட்டு, உள்ளே திரும்பி, இந்தியோடு ஒட்டிய தன் உருதில், அந்த ஊமைப் பெண்ணுக்குப் பின்னால் கிடக்கும் பழைய துணிக்கட்டை எடுத்துப் போடு என்பார். வசந்தரூபி முகத்தில் ஒன்றும் காட்டாமல், கொண்டுவந்த கட்டைத் தள்ளிவிட்டு வேறு கேட்பார். இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் வியப்பார். அந்த வியப்பும் இவருக்கு விளங்கும்.

இரண்டு மாரிக்கு முன் ஒரு மத்தியானம். மேம்பாலத்தின் கீழே கூடாரம் போட்டிருந்த அகதிகளைப் பொலிஸ் அகற்றிக்கொண்டிருந்தது. லாச்சப்பலில் இது மழையைப்போல, வரும், போகும். முக்காடிட்ட ஒரு பெண், ஒரு சிறுமியின் சிப் உடைந்த கோட் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். வெளியே சீருடைகள் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய கை நடுங்கியது. கை நடுங்கிய விதம் வசந்தரூபிக்குத் தெரிந்த விதம்.

"டரோ மத்" என்றார். "பைட்டோ."

சொன்ன பிறகுதான் எந்த மொழியில் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். பிறகு உருதில் அழத் தொடங்கினாள்.

அவள் பெயர் ஸர்கூனா. ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத் பக்கம். பிள்ளைப் பருவத்தைப் பாகிஸ்தானின் பெசாவர் அகதி முகாமில் கழித்ததால் உருது அவளுக்குப் பழக்கம். இவருடையது சிப்பாய் இந்தி, அவளுடையது முகாம் உருது. இரண்டும் தடக்குப்படாமல் கதைத்துக்கொண்டன. மரியமலர் வாடிக்கைக்காரியின் புருவத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ரூபி அக்கா, உது எங்கையாலை உங்களுக்கு?"

"படம் பாத்துத்தான்."

"எந்தப் படம்? நீங்கள் பாக்கிற நாடகத்திலை எல்லாரும் தமிழிலையெல்லே அழுகினம்."

வசந்தரூபி கோட்டைக் கையிலெடுத்துச் சிப்பைப் பார்க்கத் தொடங்கினார். மரியமலர் விடுகிற ஆள் அல்ல, ஆனால் அன்று விட்டுவிட்டார்.

ஸர்கூனாவுக்கும் தையல் தெரியும். வதிவிட அனுமதி கிடைத்ததும் இரண்டாவது இயந்திரத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். மரியமலருக்கு அவள் முதல் நாளே சற்குணா ஆகிவிட்டாள். சற்குணம் எண்டு எங்கடை மாமி ஒருத்தி இருந்தவ, அவவும் இப்பிடித்தான் ஒரு சொல்லும் விளங்காமல் சிரிப்பா என்பார். நாலு நாள் பழகியதும், சற்குணா, கத்தரிக்கோலை எடணை என்று தமிழிலேயே அதிகாரம் பண்ணினார். சற்குணா கத்தரிக்கோலைச் சரியாகவே எடுத்துக் கொடுத்தாள்.

தைக்கும்போது கதை மெல்ல வெளியே வந்தது. ஸர்கூனாவின் கணவர் ஒரு வெளிநாட்டுப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எந்த நாட்டுப் படை என்பது இங்கே முக்கியமில்லை. அவை எல்லாவற்றுக்கும் ஒரு பழக்கம் பொதுவானது. நாயையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு புறப்படும், தனக்கு வாயாக இருந்தவனை ஏற்றாது. 2021இல் கடைசி விமானங்களும் போனபின், ஒரு காலை கதவு தட்டப்பட்டது. வாசலிலேயே அவரைச் சுட்டார்கள். அடக்கத்துக்கு அயலவர் வரவில்லை. சிலருக்குப் பயம். சிலர், அந்நியனுக்கு வாயை விற்றவன் என்று சொன்னார்கள். எல்லை கடக்கும் முன் அவருடைய படங்களையெல்லாம் அவள் எரித்துவிட்டாள். எல்லாவற்றிலும் அவர் படையின் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். இப்போது மகள் பாரிசில் பள்ளிக்கூடம் போகிறாள், அங்கே அவள் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பெண் விடுதலை என்று பெயர் வைத்தவர்கள் இப்போது வேறு எங்கோ வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கதைக்குப் பதிலாக வசந்தரூபி தன்னுடையதைச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவை, அதே மொழியிலேயே சொன்னார். ஸர்கூனா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி அனுதாபமாக இருக்கவில்லை. வழி கேட்பவளின் கேள்வியாக இருந்தது. உங்களிடம் வந்த படை போய் முப்பத்தைந்து வருடம். எங்களிடம் வந்தது நேற்றுப் போனது. சொல்லு அக்கா, பிறகு நாடு எப்படி இருக்கும்?

வசந்தரூபி சில வருடங்களுக்கு முன்தான் ஊருக்குப் போய்வந்திருந்தார். கண்டதைச் சொன்னார். வீதிகள் தார்க் காப்பெற் போட்டு வழுவழுவென்று இருக்கின்றன. ரயில் திரும்பவும் ஓடுகிறது, தண்டவாளம் போட்டுக் கொடுத்தது படை அனுப்பிய அதே நாடு. வீடுகளும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடுகள். சென்றி இருந்த இடத்தில் ஒரு வங்கி. பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் பூசியிருக்கிறது, அந்த வளவில் பிள்ளைகள் கரப்பந்து விளையாடுகிறார்கள். நடந்தது பிழை என்று சொல்ல அந்த ஊருக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மனிசி அன்பாக வரவேற்றாள், தேத்தண்ணி தந்தாள், அப்பாவின் பெயரை மட்டும் சொல்லாமல் கவனமாகக் கதைத்தாள்.

"ஆமி போயிடும். அது விதைச்ச சந்தேகம் போகாது" என்று முடித்தார்.

"அதுக்கு நீ என்ன செய்தாய்?" என்று ஸர்கூனா கேட்டாள்.

வசந்தரூபி நினைத்துப் பார்த்தார். அவர் ஒன்றும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு பிளவுஸ் தைத்தார். இதையா இந்தப் பெண் தன் மகளுக்குக் கொண்டுபோகவேண்டும்? அந்தக் கேள்வி அவரை அன்று வேலை செய்ய விடவில்லை. ஒரு பிளவுஸின் கழுத்தைப் பிழையாக வெட்டினார். அவர் கையால் அப்படி ஒரு பிழை நடந்து மரியமலர் கண்டதில்லை.

கணவரின் ஓய்வு நாளில், மத்தியானச் சோற்றின் முன்னால், தவசீலனிடம் எல்லாவற்றையும் சொன்னார். முல்லைத்தீவில் தன் பங்குக்குப் போரைப் போதியளவு பார்த்த மனிதர் அவர். கையை உதறிவிட்டு எழும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "நீர் நித்திரையிலை புலம்புறதை நான் இவ்வளவு காலமும் தெலுங்கு எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது வசந்தரூபி, இந்த ஐப்பசிக்கு அப்பாவின் படத்தைக் கொண்டுபோகப் போகிறேன் என்றார்.

அவருடைய ஊர்க்காரருக்குப் பாரிசில் ஒரு ஒன்றியம் உண்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறநகரான செவ்ரானில் நகரசபை மண்டபம் ஒன்றை எடுத்து, 1987இல் கொல்லப்பட்ட தங்கள் ஊரவரை நினைவுகூர்வார்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் படத்தைக் கொண்டுவந்து வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசையில் வைக்கும், முன்னால் ஒரு விளக்கு ஏற்றும். நெருப்புக்கு மண்டபத்தில் அனுமதி இல்லை என்பதால் விளக்கு என்பது பற்றரியில் எரியும் பிளாஸ்ரிக் மெழுகுதிரி. அந்த மேசையில் இடம் கிடைத்தவர் ஊரால் நினைக்கப்படுகிறவர். நாகமுத்து அதில் இல்லை. வசந்தரூபி வருடாவருடம் போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வருவார்.

ஒன்றியத் தலைவர் ஜெயரட்ணம். வசந்தரூபியின் தெருவிலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர், புதிதாக வந்த எத்தனையோ பெடியளுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர். அவருடைய தம்பி யசோதரன் அந்த ஐப்பசியில் செல் விழுந்து இறந்தவன். அந்தப் படம்தான் மேசையின் நடுவில் இருக்கும்.

வசந்தரூபி முறைப்படி அவரிடம் போய்க் கேட்டார். ஜெயரட்ணம் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மேசை இந்தியன் ஆமி கொன்ற ஆட்களுக்கு மட்டும் என்றார். உங்கடை அப்பா காய்ச்சலில் போனவர், அது வேறை என்றார். அவருடைய கைவிரலை மடங்காமல் செய்தது யார் என்று வசந்தரூபி கேட்டபோது, பை ஒன்றை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"பழசைக் கிண்டாதேங்கோ தங்கச்சி. எல்லாம் எங்கடை விதி. இப்பவே சனம் கதைக்குது, நீங்கள் கடையிலை இந்தி கதைக்கிறியள் எண்டு."

விதி என்ற சொல்லைக் கேட்டால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். விதியா வந்து கதவைத் தட்டி நாகமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனது? அது நடந்து வந்தது, அதற்குக் கால் இருந்தது, பெயர் இருந்தது, பக்கத்து வீட்டில் அதற்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். மற்றவன் தந்த காயத்துக்கு விளக்கு ஏற்றுகிறோம். நாமே நம்மவனுக்குச் செய்ததற்கு விதி என்று பெயர் வைத்து மூடுகிறோம். படை அனுப்பிய அரசுகளும் இதைத்தானே செய்கின்றன?

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வசந்தரூபி தவசீலனோடும் மரியமலரோடும் ஸர்கூனாவோடும் வந்தார். மரியமலர் அந்த ஊர் அல்ல. ஆனால் சண்டை நடந்தால் பார்க்காமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நல்ல சாறி உடுத்திக்கொண்டு வந்துவிட்டார். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் படம் வைத்து முடித்தபோது, வசந்தரூபி எழுந்து நடந்தார். கையில் சட்டம் போட்ட படம். சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்தபடி சிரிக்கும் மனிதர். விரல்கள் மடங்கிய காலத்துப் படம்.

ஜெயரட்ணம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தள்ளவில்லை, தடுத்து நின்றார். தாழ்ந்த குரலில், பிள்ளை, இஞ்சை வேண்டாம் என்றார். முன் வரிசையில் யாரோ, அவர் ஆமியோடை நிண்ட ஆள் எல்லோ என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

வசந்தரூபி திரும்பிச் சனத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. மண்டபம்தான் தாழ்ந்து கேட்டது.

"ஜெயரட்ணம் அண்ணை, அண்டைக்குப் பள்ளிக்கூட வளவிலை நீங்கள் சேட்டில்லாமல் இருந்தனீங்கள். தலையாட்டி தலையை ஆட்டிப்போட்டான். நான் உங்களை என்ரை அண்ணை எண்டு சொல்லித்தான் வெளியிலை எடுத்தனான். அப்ப அது பொய். இவ்வளவு காலமும் நீங்கள் என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடுறியள். இப்பவும் அது பொய்தானோ?"

பிளாஸ்ரிக் மெழுகுதிரிகள் அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தபடி மினுங்கிக்கொண்டிருந்தன.

"அந்தப் பாஷையை என்ரை அப்பா எனக்குப் படிப்பிக்கேல்லை. அவர் செய்த குற்றம், எனக்கு அது தெரியும் எண்டு உங்கடை அம்மா வந்து அழுதபோது என்னை அனுப்பினது. அதுக்குத்தான் அவருக்குக் கை போனது."

பின்வரிசையில் கதிரை ஒன்று தரையில் உரசியது. பத்திநாதர் எழுந்து நின்றார். கடற்கரைப் பக்கத்து மனிதர், எழுபதைத் தாண்டியவர். அன்று மீன் விற்க வந்த இடத்தில் சுற்றிவளைப்புக்குள் அகப்பட்டவர்.

"நானும் அதுக்குள்ளை இருந்தனான்" என்றார். "என்னைக் காட்டியும் இந்தப் பிள்ளை அண்ணை எண்டது. எனக்கு அப்பவே மூண்டு பிள்ளையள். ஆமிக்காரன் என்ரை நரைச்ச தலைமயிரைப் பாத்துச் சிரிச்சவன். ஆனால் விட்டவன்."

சிரிப்பு ஒன்று மண்டபத்தில் ஓடி நின்றது. அதன் பிறகு இன்னொருவர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். எழாதவர்களும் இருந்தார்கள், அவர்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் உண்டு. பதினொரு வயதுப் பெட்டை ஒருத்தி சொன்ன ஒரு பொய்யின் மேல் இவ்வளவு குடும்பங்கள் நிற்கின்றன என்பது அவர்களுடைய பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெயரட்ணம் எழுந்து நின்ற எவரையும் பார்க்கவில்லை. திரும்பி மேசைக்குப் போனார். நடுவில் இருந்த தம்பியின் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு படத்தின் அகலத்துக்கு நகர்த்தி வைத்தார். வெள்ளைத் துணியில் இடம் வந்தது.

"விளக்குக் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. ரண்டு இருக்கு."

ஒன்றை அப்பாவின் முன்னால் வைத்தார். மற்றதை ஸர்கூனாவிடம் நீட்டினார். ஸர்கூனாவிடம் படம் இல்லை. அவள் மேசையின் ஓரத்தில், வெறும் துணியின் மேல் அந்த மெழுகுதிரியை வைத்து, எரியவைக்க அடியில் இருந்த ஆளியைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஜெயரட்ணம் குனிந்து போட்டுக் கொடுத்தார். இது யாருக்கு என்று கேட்டார். வசந்தரூபி சொன்னார். அவர் தலையசைத்தார். ஊர்க்காரருக்கு மட்டும் என்ற விதியை அன்று ஒருவரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

சண்டை பார்க்க வந்த மரியமலர் மூக்கைச் சிந்திக்கொண்டு, இதுக்கே நான் இந்தச் சாறியை உடுத்தினனான் என்று தவசீலனிடம் முறையிட்டார்.

இதனால் நாடு திருந்திவிட்டதா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்திலும் ஜலாலாபாத்திலும் படைகள் விட்டுப்போன கணக்கு அப்படியே கிடக்கிறது. செவ்ரானில் ஒரு மேசையில் ஒரு படத்தின் அகலம் இடம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தைக் கொடுத்தது அரசு அல்ல, ஆணைக்குழு அல்ல, ஆண்டவன் அல்ல. எழுந்து நின்று கேட்ட ஒருத்தியின் வாய். அந்தப் பெருமை அவருடையது.

அடுத்த கிழமை உள்துணி முடிந்துவிட்டது. வசந்தரூபி ஸர்கூனாவையும் கூட்டிக்கொண்டு ஒபர்வில்லியேக்குப் போனார். லாகூர்க்காரர் வழக்கம்போல விரலால் வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, ஊமைப் பெண் வந்திருக்கிறாள், பின்னால் கிடப்பதை எடு என்றார்.

"பின்னால் கிடப்பது வேண்டாம் பாய்" என்றார் வசந்தரூபி, அவருடைய மொழியிலேயே. "முன்னால் இருக்கும் புதியதைக் காட்டுங்கள். எத்தனை வருடம் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்."

கடைக்காரரின் கையில் இருந்த அளவுநாடா கீழே விழுந்தது. ஸர்கூனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முகம் சிவந்து, பிறகு சிரித்து, மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, புதிய கட்டுகளையெல்லாம் தானே இறக்கி விரித்தார். எல்லாம் முடிந்த பிறகும் அவருக்கு ஆறவில்லை. நீங்கள் இலங்கைத் தமிழர், எங்கள் மொழியை எங்கே படித்தீர்கள், படம் பார்த்தா என்று கேட்டார்.

வசந்தரூபி துணியின் நெசவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "என் அப்பாவின் சைக்கிள் கடையில்."